பாய்க்கு வெளியே

மே 5, திங்கள்

குளித்துவிட்டு வர எனக்குப் பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. அதற்குள் வர்ணி அரைக்கிலோ ரவையை ஹாலில் கொட்டி, ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி, மஞ்சள் தூளையும் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தாள். நாலு வயதுப் பிள்ளைக்கு முழங்கை வரைக்கும் மஞ்சள். "அம்மா, கேக்கு செய்யறேன்" என்று என்னைப் பார்த்துச் சிரிக்கிறாள். நாலடி தள்ளிக் கொடியில் யாரோ ஒரு பெண்ணின் ரிசப்ஷன் சேலை தொங்குகிறது. எனக்கு உயிர் போய் உயிர் வந்தது.

கத்தினேன். கீழ் வீட்டுக்காரம்மா படியேறி வந்து எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன்.

நான் செய்வது சேலைக்கு மடிப்பு வைக்கும் வேலை. முந்தியையும் கொசுவத்தையும் முன்கூட்டியே மடித்து, அயர்ன் பண்ணி, பின் குத்திப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால், கல்யாணத்தன்று எடுத்து அப்படியே சுற்றிக்கொள்ளலாம். சேலை கட்டத் தெரியாத தலைமுறை வந்தது என் அதிர்ஷ்டம். கூட மாட ஆள் கிடையாது. வீட்டுக்காரர் போர்வெல் லாரியோடு சத்தீஸ்கர் போய் மூன்று மாதமாகிறது. இந்த டைரியே லாரி முதலாளி கொடுத்ததுதான். திருச்செங்கோட்டில் பாதி வீட்டு ஆம்பளைகள் இப்படித்தான், ஊர் ஊராகத் துளை போடப் போய்விடுகிறார்கள். இருப்பது ஒரே ஹால். சுவிட்ச் போர்டு பக்கம் அயர்ன் மேஜை, மீதி இடத்தில் வர்ணி. மே மாதம் முழுக்கப் பள்ளிக்கூடமும் இல்லை.

எல்.கே.ஜி. மிஸ் கடைசி நாள் கூட்டத்தில் சொன்னது ஞாபகம் வந்தது. "வேண்டாம் வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க. எங்க விளையாடலாம்னு சொல்லுங்க. ஒரு இடம், ஒரு நேரம் குடுங்க. முடிஞ்சதும் ரெண்டு பேருமாச் சேர்ந்து துடைங்க. முக்கியமா, கத்தாம சொல்லுங்க." இந்த மிஸ்ஸை ஒரு நாள் என் வீட்டில் விட்டுப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு மனசுக்குள் சிரித்தேன். இன்று சாயங்காலம் கடைவீதிக்குப் போய் ஒரு பிளாஸ்டிக் பாய் வாங்கி வந்தேன். நீலப் பாய், சுற்றிலும் சிவப்புக் கரை.

மே 6, செவ்வாய்

பாயை ஜன்னலோரம் விரித்தேன். ஒரு தட்டில் கோதுமை மாவு, ஒரு கிண்ணத்தில் தண்ணீர், கரண்டி ரெண்டு.

"சாமி, இந்தப் பாயிக்குள்ள நீ என்ன வேணா பண்ணிக்க. ஊத்திக்க, கொட்டிக்க, பூசிக்க. சிவப்புக் கோட்டத் தாண்டப்படாது. சரியா?"

"தாண்டுனா?"

"தாண்டுனா பாயச் சுருட்டிருவேன். நாளைக்குத்தான் மறுபடி விரிப்பேன்."

"அடிப்பியா?"

"அடிக்க மாட்டேன்."

ஐந்து நிமிடத்தில் மாவுக்கையோடு ஃபிரிட்ஜ் வரைக்கும் போய்விட்டாள். கத்த வந்த வாயை அடக்கிக்கொண்டு, பாயைச் சுருட்டி வைத்தேன். அழுதாள், புரண்டாள். நான் அசையவில்லை, கத்தவும் இல்லை. எனக்கே என்னை நினைத்தால் ஆச்சரியமாக இருந்தது.

மே 9, வெள்ளி

ரெண்டு நாளாக ஒரு பொட்டு மாவு பாய்க்கு வெளியே விழவில்லை. இன்றைக்குத் தவறி ஒரு சொட்டு விழுந்தது. அவளே பாய்க்குள் உட்கார்ந்தபடி கையை நீட்டித் துணியால் துடைத்தாள். ஒரு காலைக்கூட வெளியே வைக்கவில்லை. முடிந்ததும் ரெண்டு பேருமாகப் பாயைத் தூக்கிப் போய் மாடியில் கழுவினோம். அவள் ஒரு முனை, நான் ஒரு முனை.

பின் டப்பாவைத் தேடிக்கொண்டு நான் தெரியாமல் பாயை மிதித்துவிட்டேன். "அம்மா, வேலை செய்யறவங்க எல்லாம் வெளிய நில்லுங்க" என்றாள். ரொம்ப நேரம் சிரித்தேன். சொன்னால் கேட்கிற பிள்ளைதான். எனக்குத்தான் இத்தனை நாள் சொல்லத் தெரியவில்லை.

மே 12, திங்கள்

பூங்கோதை அக்கா சேலையைக் கொண்டுவந்து கொடுத்தார். வேலூர் ரோட்டில் லைனிங் துணி, நூல், பட்டன் எல்லாம் விற்கிற கடை அவருடையது. கடைக்கு வருகிற பெண்களை எல்லாம் என்னிடம் அனுப்புவார். எனக்கு வருகிற வேலையில் பாதி அவர் வாயால் வருவது.

இந்த முறை அவருடைய சொந்தச் சேலை. 23ஆம் தேதி தம்பி கல்யாணம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளையின் அக்காவோ தங்கையோதான் இணைச்சீர்காரி. முகூர்த்தத்துக்கு முன்னால் அவரை உட்காரவைத்துச் சீர் செய்வார்கள். வந்திருக்கிற சொந்தபந்தம், அத்தனை உறம்பரையும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கும். அக்காவுக்குக் கூடப் பிறந்தது அந்த ஒரே தம்பி.

"அம்மிணி, இது என்ற தம்பி தானாப் போய் எடுத்துக் குடுத்த சீலை. ஒரு சீலை எடுக்கத் தெரியாதுன்னு நான்தான் அவனக் கேலி பேசுவேன். பாரு, எப்புடி எடுத்திருக்கான்."

வாழைத்தண்டுப் பச்சை. முந்தி முழுக்க ஜரிகை. கையில் வாங்கும்போதே கனத்தது. வர்ணி பாய்க்குள்ளிருந்தே "சீலை அழகா இருக்குது அத்தை" என்றாள். அக்கா பாய்க்கு வெளியே குனிந்து அவள் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார்.

மே 14, புதன்

பூங்கோதை அக்கா சேலையில் ஒரு விபத்து. முந்தியில், தோளில் வரும் இடத்தில் அயர்ன் பெட்டி அச்சு. ஜரிகை கருத்துவிட்டது. வர்ணி ஒயரை இழுத்துவிட்டாள் போலிருக்கிறது. ரீல்ஸ் எடுத்திருந்தேன், போடவில்லை.

சாப்பிடப் பிடிக்கவில்லை.

மே 15, வியாழன்

அக்கா வந்தார். சேலைப் பெட்டியைத் திறந்து காட்டினேன். முந்தியைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"எப்புடியாச்சு இது?"

"புள்ளைங்க்கா. ஒயரப் புடிச்சு இழுத்துட்டாங்க்கா. நான் அந்தண்ட திரும்பறதுக்குள்ள பெட்டி சீலை மேல உழுந்துருச்சு."

நான் எதிர்பார்த்தது திட்டு. அக்கா சேலையைப் போட்டுவிட்டு வர்ணியிடம் ஓடினார். "அய்யோ, புள்ள மேல படலயே? கையக் காட்டு கண்ணு" என்று ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காலைப் பார்த்தார். வர்ணி என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே என்ன பேச்சு என்று முதுகில் ஒன்று வைத்தேன். கொஞ்சம் பலமாகவே விழுந்துவிட்டது.

"அடிக்காத அம்மிணி. புள்ளதான, அதுக்கு என்ன தெரியும்? நல்லவேளை, தங்கத்து மேல படல. சீலை போனாப் போச்சாது போ." சொல்லும்போதே அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சேலையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

வர்ணி அழவில்லை. அழுதிருந்தால் தூக்கியிருப்பேன்.

மே 17, சனி

வீட்டுக்காரர் வீடியோ காலில் வந்தார். சேலை விஷயத்தைச் சொன்னேன். அக்காவிடம் சொன்னதையே சொன்னேன். இரண்டாவது முறை சொல்வது சுலபமாக இருந்தது. அவர் வர்ணியைக் கூப்பிடச் சொன்னார்.

"ஏஞ்சாமி, அம்மா வேலை செய்யறப்ப ஒயருகிட்டப் போலாமா? கரண்ட்டு சாமி அது. இனிமே போகக்கூடாது."

"சரிப்பா."

"அம்மாகிட்ட சாரி சொன்னியா?"

"சாரிம்மா" என்றாள், போனைப் பார்த்தபடி. நான் "சரி சரி, உடு" என்றேன்.

பக்கத்து வீதியிலிருந்து ரெண்டு பேர் சேலையோடு வந்தார்கள். பூங்கோதை அக்காதான் அனுப்பினாராம். "பாவம், சின்னப் புள்ளைய வெச்சுக்கிட்டு ஒண்டியாப் பாடுபடுது, அங்கயே குடுங்க" என்றாராம்.

மே 18, ஞாயிறு

வீடு சுத்தமாக இருக்கிறது. சொல்லப்போனால் இவ்வளவு சுத்தமாக ஒரு நாளும் இருந்ததில்லை.

மே 19, திங்கள்

பாயை விரித்து மாவு வைத்தேன். அவள் வரவில்லை.

மே 20, செவ்வாய்

பீட்ரூட்டை வேகவைத்துச் சிவப்புத் தண்ணீர் எடுத்து வைத்தேன். அவளுக்கு அது உயிர். பாயின் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். ரெண்டு கையையும் அக்குளில் வைத்துக்கொண்டாள். கிண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏஞ்சாமி, வெளையாடல?"

"சிந்திரும்மா."

"சிந்துனாப் பரவால்ல. பாயிக்குள்ளதான?"

தலையை ஆட்டினாள். கையை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் எதற்கும் உத்தரவு கேட்கிறாள். அம்மா, தண்ணி எடுக்கட்டா. அம்மா, இந்தத் தலகாணியத் தொடட்டா. நேற்று பாத்ரூம் கதவுக்கு முன்னால் நின்று கதவைத் தொடலாமா என்று கேட்டாள். முதல் ரெண்டு நாள், பிள்ளைக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று நினைத்தேன். நினைத்ததை எழுதாமல் விட்டாலும் நினைத்தது நினைத்ததுதான்.

மே 23, வெள்ளி

கல்யாணப் பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுகிற வேலையும் எனக்குத்தான். விடியற்காலமே மண்டபத்துக்குப் போய்விட்டேன். வர்ணியை விட ஆளில்லை, கூட்டிக்கொண்டு போனேன். பட்டுப்பாவாடை போட்டுவிட்டேன்.

பூங்கோதை அக்கா பழைய அரக்குச் சேலை ஒன்றைக் கட்டியிருந்தார். அவருடைய கல்யாணத்துக்கு எடுத்ததாம். இடுப்பில் மடிப்பு விட்ட இடமெல்லாம் வெளுத்திருந்தது. இணைச்சீருக்கு உட்கார்ந்தபோது அவருடைய பெரியம்மா முறை ஒருவர் சத்தமாகக் கேட்டார், "ஏம்பூங்கோத, தம்பி எடுத்துக் குடுத்த சீலை எங்க?"

அக்கா சிரித்துக்கொண்டே, ஓரமாக நின்ற வர்ணியை மணவறைக்குப் பக்கத்தில் இழுத்து நிறுத்தினார். "இந்தா, இந்த மகராசிதான் தீச்சுட்டா."

அவர் கேலியாகத்தான் சொன்னார். மனசில் ஒன்றும் இல்லை. ஆனால் சுற்றி இருந்த பொம்பளைகள் எல்லாரும் திரும்பினார்கள். இவளா, அய்ய, பூனையாட்டம் நிக்கறா, பண்ணறது பூரா வாலு வேலையா, என்று ஆளுக்கு ஒன்று சொல்லிச் சிரித்தார்கள். ஒருத்தி, "எங்க வூட்டுப் பக்கம் வந்துராத சாமி, நானும் பட்டுத்தான் கட்டியிருக்கறேன்" என்று முந்தியை இழுத்து மூடிக்கொண்டாள். வர்ணி யாரையும் பார்க்கவில்லை. பட்டுப்பாவாடைக்குள் ரெண்டு கையையும் விட்டுக்கொண்டாள்.

நான் மூன்றடி தள்ளி நின்றேன். கையில் பின் டப்பா. ஒரு வார்த்தை போதும். வாயைத் திறந்தேன், நானும் சிரித்தேன்.

பந்தியில் அவள் சாப்பிடவில்லை. இலையில் பாயசம் விழுந்ததும் நகர்ந்து உட்கார்ந்தாள். பக்கத்து இலைக்காரர் சேலையில் பட்டுவிடுமாம். ஊட்டிவிட்டேன். வாயை மட்டும் திறந்தாள்.

மே 24, சனி

எழுதிவிடுகிறேன். இந்த டைரியில்கூடப் பொய் எழுதினால் அப்புறம் நான் எங்கேதான் உண்மையைச் சொல்வேன்?

வர்ணி ஒயரை இழுக்கவில்லை. பெட்டி விழவும் இல்லை. சேலையைத் தீய்த்தது நான்.

பட்டின் மேல் நேரடியாகப் பெட்டி வைக்கக் கூடாது. மேலே ஒரு வெள்ளைப் பருத்தித் துணி விரித்துத்தான் தேய்க்க வேண்டும். புதிதாக வேலை பழக வருகிறவளுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற முதல் பாடமே அதுதான். ஆனால் துணி போட்டால் வீடியோவில் ஜரிகை தெரியாது. அத்தனை ஜரிகையை நான் அதுவரை தொட்டதில்லை. ரீல்ஸ் போட்டால் இந்த மாதம் முழுக்க வேலை வரும் என்று ஆசை. துணியை எடுத்துவிட்டு, ஒரு கையில் போனையும் இன்னொரு கையில் பெட்டியையும் பிடித்துக்கொண்டு தேய்த்தேன். அந்த நேரம் பார்த்து போனில் ஒரு மெசேஜ் வந்தது. படித்தேன். கை நின்றது. பெட்டியும் நின்றது.

அந்த வீடியோ இன்னும் என் போனில் இருக்கிறது. நாற்பது நொடி. அழிக்கலாம் என்று தினமும் எடுக்கிறேன், பார்த்துவிட்டு வைத்துவிடுகிறேன். அதில் மூலையில், ஜன்னலோரம், வர்ணி தெரிகிறாள். ரெண்டு கையிலும் மாவு. "அம்மா, பாரு. நான் பாயிக்குள்ளயேதான் இருக்கறேன்" என்கிறாள். நான் "ம்ம்" என்கிறேன். அப்புறம் புகை, அப்புறம் நான் போட்ட சத்தம்.

அன்றைக்கு அக்கா முன்னால் அவள் சொல்ல வாயெடுத்ததும் அதேதான். "நான் பாயிக்குள்ள" என்று ஆரம்பித்தாள். முடிக்கவிட்டால் நான் மாட்டிக்கொள்வேன். அதனால் அடித்தேன். கோபமே வரவில்லை எனக்கு, நிதானமாகத்தான் அடித்தேன். அதை நினைக்கும்போதுதான் என்னால் என் கையைப் பார்க்க முடியவில்லை.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் அவளுக்கும் மேலே. கூடத்துக்கு வலிக்காது. அக்கா கோபித்தால் கடைக்கு வருகிற பெண்களிடம் சொல்வார், என் பிழைப்பு போகும் என்று பயந்தேன். பிள்ளை என்றால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்பது வாய்க்குத் தெரிந்திருக்கிறது, யோசிக்காமலே வந்துவிட்டது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நான் அதைப் பிள்ளையின் இலையில் மறைத்துவிட்டேன்.

வெட்கமாக இருக்கிறது. வேறு பெரிய வார்த்தை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

மே 25, ஞாயிறு

காலையில் தலை பின்னிவிடும்போது சொன்னேன். அவள் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்றுதான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

"வர்ணி, அன்னிக்கு அந்தப் பச்சைச் சீலை தீஞ்சுதே, அது நீ பண்ணல சாமி. அம்மாதான் பண்ணுனேன்."

"இல்லம்மா. நான்தான்."

"இல்ல சாமி. நீ பாயிலதான் இருந்த."

"நான் வந்தேன்ல? பாயத் தாண்டி வந்தேன். ஒயரப் புடிச்சு இப்புடி இழுத்தேன்." திரும்பி, கையால் இழுத்துக் காட்டினாள். "பொட்டி டொம்முனு உழுந்துச்சு. நீ அய்யோன்னு சொன்ன. என் கையி ஈரமா இருந்துச்சா, அதான்."

எல்லாம் சொன்னாள். பெட்டி எந்தப் பக்கம் விழுந்தது என்றுகூடச் சொன்னாள். நான் சொன்ன பொய்யில் இல்லாததெல்லாம் அவளுடைய ஞாபகத்தில் இருக்கிறது. நான் இல்லை இல்லை என்கிறேன், அவள் "ஆமாம்மா, நான் இனிமே பண்ண மாட்டேன்" என்று எனக்கு ஆறுதல் சொல்கிறாள்.

பாதிப் பின்னலோடு அப்படியே விட்டுவிட்டு சமையலறைக்குப் போய்விட்டேன்.

மே 26, திங்கள்

வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிவிட்டேன். பின்னால் லாரி இன்ஜின் சத்தம் கேட்டது.

"அப்ப நான் அவளச் சாரி சொல்லச் சொன்னப்ப நீ பக்கத்துல இருந்த."

"ஆமா."

"கம்முனு இருந்த."

"ஆமா."

"அக்காகிட்டப் போய்ச் சொல்லு. புள்ளையையும் கூட்டிக்கிட்டுப் போ. அவள வெச்சுக்கிட்டுத்தான சொன்ன பொய்ய." வைத்துவிட்டார். வழக்கமாக, சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டுத்தான் வைப்பார்.

மே 27, செவ்வாய்

போகவில்லை. மூன்று சேலை முடிக்க வேண்டியிருந்தது. அதில் ஒன்று நாளைக்குத்தான் வேண்டும். நாளை மறுநாள் கொடுத்தால்கூடப் போதும் என்று சொல்லியிருந்தார்கள்.

மே 28, புதன்

மத்தியானம் பூங்கோதை அக்கா கடையைச் சாத்திவிட்டுச் சாப்பிட வீட்டுக்கு வருவார் என்று தெரியும். வர்ணியைக் கூட்டிக்கொண்டு போனேன். அக்கா, "வாங்க வாங்க, என்ற குட்டி வந்திருக்குதா" என்று தட்டில் முறுக்கு கொண்டுவந்து வைத்தார். வர்ணி தொடவில்லை. "தூளு உழுகும்" என்றாள்.

நான் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னேன்.

"அக்கா, உங்க சீலையத் தீச்சது நானுங்க. புள்ள இல்லீங்க. நான் பொய் சொல்லிட்டனுங்க."

அக்காவுக்குப் புரியவில்லை. "என்ன சொல்ற?" என்று சிரித்தார். போனை எடுத்து வீடியோவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். என் வாயால் சொன்னால் எங்காவது கொஞ்சம் குறைத்துச் சொல்லிவிடுவேன் என்று பயமாக இருந்தது. நாற்பது நொடியும் பார்த்தார். திரும்ப ஒருமுறை போட்டுப் பார்த்தார். வர்ணி அவர் முழங்கை மேல் சாய்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அது நானு" என்றாள்.

அக்கா போனைக் கீழே வைத்தார்.

"சீலைக்கு நான் அன்னிக்கே அழுது முடிச்சுட்டேன், அம்மிணி. அது போகுது. மண்டபத்துல அத்தன பேரு முன்னால இந்தப் புள்ளைய நானே இழுத்து நிறுத்துனனே. இவதான் தீச்சான்னு சொல்லிச் சிரிச்சனே. நீயும் நின்னு சிரிச்சயே. என்னையும் சேத்துப் பாவத்துல தள்ளிப்போட்டயே."

"மன்னிச்சுருங்க்கா."

"எங்கிட்டச் சொன்னது கெடக்கட்டும். அவகிட்டச் சொல்லு. அன்னிக்கு என்ற முன்னாலதான அடிச்ச. இப்ப என்ற முன்னாலயே சொல்லு."

தரையில் உட்கார்ந்தேன். அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்தேன். தலை பின்னும் சாக்கு இங்கே இல்லை.

"சாமி, சீலைய அம்மாதான் தீச்சேன். நீ பாயிக்குள்ளயே இருந்த. நீ ஒரு தப்பும் பண்ணல. அம்மாவத் திட்டுவாங்கன்னு பயந்துக்கிட்டு, நீ பண்ணுனதாப் பொய் சொன்னேன்."

"ஒயரு?"

"நீ ஒயரத் தொடவே இல்ல."

போனைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். அக்கா, ஆமாம் கண்ணு என்று தலையசைத்தார். அவளுக்கு நெற்றி சுருங்கியது. கணக்குப் போடும்போது அப்படித்தான் சுருங்கும். நான் அவள் என்ன கேட்டாலும் சொல்லத் தயாராக இருந்தேன். ஏன் பொய் சொன்னாய் என்று கேட்பாள் என்று நினைத்தேன்.

"அப்ப உன்னைய யாரு அடிச்சா?"

அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"யாரும் அடிக்கல சாமி" என்றேன்.

அதையும் யோசித்தாள்.

"எனக்கு வலிச்சுதும்மா."

பதின்மூன்று நாள் கழித்து அழுதாள். வாய்விட்டு, மூச்சு முட்டுகிற மாதிரி அழுதாள். நான் கையை நீட்டினேன். அவள் நகர்ந்து போய் அக்கா மடியில் விழுந்தாள். அக்கா அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். நான் நீட்டிய கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டு, அவள் அழுது முடிக்கிற வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன்.